சாயம் எங்கே போனது? இயற்கைக் கவர்பொருள் ஆய்வை முதன்முறை செய்யும் மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நிலக்கடலை ஓடு, புளியம்பழ ஓடு, தென்னை நார்க் கழிவு, உமி, மரவள்ளித் தோல் என்று கையில் கிடைக்கும் ஏதேனும் ஒன்றைத் தூளாக்கிச் சாயநீரில் போட்டுக் குலுக்கினால் நிறம் குறைந்துவிடும். அது அரை மணி நேர வேலை. ஆனால் குறைந்த நிறம் அந்தத் தூளில்தான் ஏறியது, வேறெங்கும் போய்விடவில்லை என்று எண்களோடு நிறுவுவதற்குத்தான் ஒரு செமஸ்டர் முழுவதும் தேவைப்படுகிறது. முதுகலை வேதியியல் இறுதியாண்டில் "எளிதான தலைப்பு" என்று நம்பி இதை எடுத்த நான், ஏழு வாரங்களை வீணடித்த பிறகே இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டேன். அந்த ஏழு வாரங்கள் உங்களுக்கு மிச்சமாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கத்தோடு தொடங்கிவிடலாம். கரைசலில் உள்ள ஒரு பொருள் ஒரு திண்மத்தின் மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வதைப் பாடநூல்கள் பரப்புக் கவர்தல் என்கின்றன. ஒட்டிக்கொள்ள இடம் கொடுக்கும் திண்மத்தை இங்கே கவர்பொருள் என்று குறிப்பிடுகிறேன்.

1. முதலில் சாயம், பிறகுதான் ஓடு

பெரும்பாலோர் வீட்டருகே எது குவிந்து கிடக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு வழிகாட்டி ஆசிரியரிடம் போகிறார்கள். நானும் அப்படித்தான் ஒரு சாக்குப் புளியம்பழ ஓட்டோடு போனேன். சரியான வரிசை இதற்கு நேர்மாறானது. தாவரக் கழிவுகளின் மேற்பரப்பு, நடுநிலையை ஒட்டிய நீரில் பெரும்பாலும் எதிர்மின் தன்மை கொண்டது. ஆகவே மெத்திலீன் புளூ, கிரிஸ்டல் வயலட், மாலகைட் கிரீன் போன்ற நேர்மின் சாயங்கள் அதில் எளிதாக ஒட்டும். பருத்தித் துணிக்குப் பட்டறைகளில் பயன்படும் ரியாக்டிவ் சாயங்களும், காங்கோ ரெட் போன்றவையும் எதிர்மின் தன்மை உடையவை என்பதால், பதப்படுத்தாத ஓட்டில் அவை மிகக் குறைவாகவே ஏறும்.

முதன்முறை செய்பவர் மெத்திலீன் புளூவில் தொடங்குவதே நல்லது. விலை குறைவு, நன்றாகக் கரையும், ஒளியை உறிஞ்சுவதில் 664 நானோமீட்டர் அலைநீளத்தில் தெளிவான உச்சம் கொடுக்கும், ஒப்பிட்டுப் பார்க்க வெளியான முடிவுகளுக்கும் பஞ்சமில்லை. கவர்பொருளைப் பொறுத்தவரை, ஊறவைத்தால் தானே நிறம் விடுகிற பொருள்களை முதல் முயற்சியில் தவிர்த்துவிடுங்கள். புளியம்பழ ஓடும் தேயிலைச் சக்கையும் எத்தனை முறை கழுவினாலும் பழுப்பு நிறம் விட்டுக்கொண்டே இருக்கும். தென்னை நார்க் கழிவு மிதந்துகொண்டு தொல்லை கொடுக்கும். நான் மூன்றாவது வாரத்தில் புளியம்பழ ஓட்டைக் கைவிட்டு நிலக்கடலை ஓட்டுக்கு மாறினேன். இந்த வழிகாட்டியில் வரும் எண்கள் அதை வைத்தே சொல்லப்படுகின்றன.

2. கடிதங்களும் கையெழுத்துகளும்: முதல் வாரத்திலேயே

ஆய்வகத்தில் கால் வைப்பதற்கு முன்பே நான்கு தாள்களை நகர்த்தத் தொடங்கிவிட வேண்டும், ஏனென்றால் இவை நாம் தூங்கும் நேரத்தில் தானாக நகர்பவை அல்ல.

முதலாவது, துறையின் தலைப்பு ஒப்புதல் படிவம். தலைப்பில் "சாயப்பட்டறைக் கழிவுநீர்" என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் உண்மையான பட்டறை நீரில் முடிவு காட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தில் சிக்கிக்கொள்வீர்கள். "நீர்க்கரைசலிலிருந்து மெத்திலீன் புளூ நீக்கம்" என்று எழுதிவிட்டு, பட்டறை நீரைக் கூடுதல் இயலாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இரண்டாவது, பட்டறைக்குக் கொடுக்கும் கடிதம். கல்லூரியின் முகப்புத்தாளில், துறைத் தலைவரின் கையெழுத்தும் முத்திரையும் இட்டு, தேவைப்படும் அளவு 5 லிட்டர் என்றும், கல்விப் பயன்பாட்டுக்கு மட்டும் என்றும், பட்டறையின் பெயர் அறிக்கையில் எங்கும் இடம்பெறாது என்றும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். கழிவுநீரை முழுமையாக மறுசுழற்சி செய்யாத திருப்பூர்ப் பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதைக் கண்கூடாகப் பார்த்தவர்கள், மாதிரிப் புட்டியோடு வரும் யாரையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்து ஆளாக நினைப்பது இயல்புதான். இரண்டு முறை வாசலோடு திரும்பிய நான், மூன்றாவது முறை நண்பனின் சித்தப்பா ஒரு பட்டறையில் டையிங் மாஸ்டராக இருந்ததால்தான் உள்ளே போக முடிந்தது. அறிமுகம் இல்லாமல் போவதாக இருந்தால் மூன்று வாரம் முன்கூட்டியே முயற்சியைத் தொடங்குங்கள்.

மூன்றாவது, கருவி முன்பதிவு. எஃப்.டி.ஐ.ஆர். (பரப்பிலுள்ள வேதித் தொகுதிகளை அகச்சிவப்பு ஒளியால் காண்பது), எஸ்.ஈ.எம். (எலக்ட்ரான் நுண்ணோக்கியால் பரப்பைப் படம்பிடிப்பது) ஆகிய பகுப்பாய்வுகள் உங்கள் கல்லூரியில் இல்லையென்றால், மத்திய அரசின் ஐ-ஸ்டெம் இணையதளத்தில் எந்த நிறுவனத்தில் எந்தக் கருவி இருக்கிறது என்று தேடலாம். சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள பகுப்பாய்வுக் கருவி மையம் வெளி மாணவர்களின் மாதிரிகளையும் ஏற்கிறது. படிவத்தில் மாதிரியின் பெயர், இயல்பு, நச்சுத்தன்மை உண்டா என்ற விவரம், வழிகாட்டியின் கையெழுத்து, பணம் செலுத்திய சான்று ஆகியவை கேட்கப்படும். இவற்றில் ஒன்று விடுபட்டாலும் மாதிரி வரிசையில் சேராது. மார்ச் மாதத்தில் எல்லாக் கல்லூரி மாணவர்களும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள் என்பதால் பிப்ரவரி முதல் வாரத்துக்குள் உங்கள் மாதிரி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

நான்காவது, வேதிப்பொருள் கொள்முதல். துறையின் இன்டென்ட் புத்தகத்தில் எழுதி, கொட்டேஷன் வாங்கி, கல்லூரியின் பெயரில் ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் பெறுங்கள். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் ஆய்வுத் திட்ட உதவிக்கு விண்ணப்பித்திருந்தால், கணக்கு முடிக்கும்போது பில்களும் பயன்பாட்டுச் சான்றிதழும் தேவைப்படும். என் பெயரில் வாங்கிய இரண்டு பில்களைக் கணக்கில் சேர்க்க மறுத்துவிட்டார்கள், அந்தத் தொகை என் கைப்பணமாகவே போயிற்று.

3. தூள் தயாரித்தல்

எவ்வளவு தூள் வேண்டும் என்பதை முதலில் கணக்கிடுங்கள். பின்னால் சொல்லப்படும் சோதனைத் தொடர்களில் மொத்தம் 31 புள்ளிகள் வரும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்தால் 93 குடுவைகள், வெறுமைச் சோதனைகளையும் (தூளோ சாயமோ இல்லாமல் ஒப்பீட்டுக்குச் செய்பவை) சேர்த்தால் ஏறக்குறைய 120 குடுவைகள். சராசரியாக ஒரு குடுவைக்கு 0.1 கிராம் என்றால் 12 கிராம் போதும் என்று தோன்றும். ஆனால் பகுப்பாய்வுக்கும், பட்டறை நீர்ச் சோதனைக்கும், கெட்டுப்போகும் நாட்களுக்கும் சேர்த்து 100 கிராம் தூளை ஒரே முறையில் தயாரித்துவிட வேண்டும். இடையில் தீர்ந்துபோய் மறுபடி அரைத்தால் இரண்டாவது தூள் முதல் தூளைப் போல் நடந்துகொள்ளாது, பழைய முடிவுகள் எல்லாம் பயனற்றுப் போகும்.

ஓட்டிலுள்ள மண் போகும்வரை குழாய் நீரில் கழுவுங்கள். பிறகு கொதிநீரில் அரை மணி நேரம் வைத்து வடித்து, மீண்டும் அதையே இரண்டு முறை செய்யுங்கள். கடைசியாக வாலைவடிநீரில், வடியும் நீர் நிறமற்று வரும்வரை அலசி, 80 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் ஓவனில் உலர்த்துங்கள். அவசரப்பட்டு வெப்பத்தை மிக அதிகமாக ஏற்றினால் ஓடு கருகத் தொடங்கி வேறு பொருளாகிவிடும். நவம்பர், டிசம்பர் மழைக் காலத்தில் வெயிலை நம்பிக் காயப்போடாதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். உலர்ந்ததை மிக்சியில் அரைத்து, 150 மைக்ரானுக்கும் 250 மைக்ரானுக்கும் இடைப்பட்ட பகுதியைச் சல்லடையால் பிரித்தெடுத்து, காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் தேதியிட்டு வையுங்கள். மாவு போன்ற நுண்தூள் அதிகச் சாயம் பிடிக்கும் என்று ஆசைப்பட்டுச் சேர்த்தால், பின்னர் அது நீரிலிருந்து பிரியாமல் மிதந்து ஒளியளவை முழுவதும் கெடுக்கும். சலித்த பிறகு கையில் மிஞ்சுவது எடுத்த ஓட்டில் பாதிக்கும் குறைவாக இருக்கலாம் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அமிலம் ஊற்றிக் கரியாக்குவது, பாஸ்பாரிக் அமிலத்தில் ஊறவைத்து மஃபிள் உலையில் சூடாக்குவது போன்ற பதப்படுத்தல்களை முதல் சுற்றில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. அவை கவர்திறனைக் கூட்டும் என்பது உண்மைதான், ஆனால் அமிலம் போகும்வரை கழுவுவதற்கே நாட்களும் வாலைவடிநீரும் கரைந்துவிடும்.

4. சாயக் கரைசலும் அளவுக்கோடும்

மெத்திலீன் புளூ புட்டியின் மேல் எழுதியிருப்பதை முழுவதும் படியுங்கள். கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் படிகநீர் சேர்ந்த வடிவம். மூன்று நீர் மூலக்கூறுகள் சேர்ந்த வடிவத்தின் மூலக்கூறு எடை 373.9, நீரற்ற வடிவத்தினுடையது 319.9. ஆகவே ஒரு கிராம் எடுத்தால் அதில் உண்மையான சாயம் ஏறத்தாழ 0.856 கிராம்தான் இருக்கும். சாய விழுக்காடு தனியாக அச்சிடப்பட்டிருந்தால் அதையும் சேர்த்துத் திருத்திக்கொண்டு, லிட்டருக்கு 1000 மில்லிகிராம் செறிவுள்ள தாய்க்கரைசலைத் தயாரித்துப் பழுப்புப் புட்டியில், வெளிச்சம் படாமல் வையுங்கள்.

அளவுக்கோடு என்பது செறிவு தெரிந்த கரைசல்களின் ஒளியளவை வரைந்து பெறும் ஒப்பீட்டுக் கோடு. அதற்கு லிட்டருக்கு 1, 2, 3, 4, 5 மில்லிகிராம் செறிவுகள் போதும். 10 மில்லிகிராமிலேயே அப்சார்பன்ஸ் (கரைசல் ஒளியை உறிஞ்சும் அளவு) 2 அளவுக்குப் போய்விடும், சாதாரண ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் அங்கே சொல்வதை நம்ப முடியாது. 50 மில்லிகிராம் கரைசலை அளக்க வேண்டுமென்றால் துல்லியமாகப் பத்து அல்லது இருபது மடங்கு நீர்த்த வேண்டும். நீர்க்கும்போது பிப்பெட்டில் நேரும் சிறு பிழையும் அதே மடங்கில் பெருகும் என்பதால், ஒரே பிப்பெட்டை, ஒரே கையால் பயன்படுத்துங்கள். குவெட் (கரைசலை ஊற்றி ஒளியளவு காணும் சிறு குப்பி) நீலம் பிடித்துக்கொள்ளும், ஒவ்வொரு நாளும் முடிவில் எத்தனாலால் அலசிவிடுங்கள்.

5. வெறுமைச் சோதனைகள்

என் ஏழு வாரங்களில் நான்கு வாரங்கள் இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் போனவை.

தொடக்கத்தில் என் முடிவுகள் கண்ணைப் பறித்தன. எந்தச் செறிவைக் கொடுத்தாலும் 95 விழுக்காட்டுக்கு மேல் நீக்கம். தூளின் அளவைப் பாதியாகக் குறைத்தாலும் அதே 95. வழிகாட்டி ஆசிரியர் என் வரைபடத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்து, தூளே போடாத வெறும் சாயக் கரைசலை என் கையில் கொடுத்து, "இதையும் அதே மாதிரி வடிகட்டிக் கொண்டு வாருங்கள்" என்றார். புனலில் வெள்ளைத் தாளை மடித்து வைத்து ஊற்றினேன். தாளின் மடிப்பு முனையிலிருந்து நீலம் மேலேறி விளிம்புவரை பரவியது. கீழே பீக்கரில் விழுந்த முதல் துளிகள் ஏறக்குறைய நிறமற்று இருந்தன. வடிதாளும் செல்லுலோஸ்தானே. நான்கு வாரங்களாக நான் அளந்துகொண்டிருந்தது நிலக்கடலை ஓட்டின் கவர்திறனை அல்ல, வடிதாளின் கவர்திறனை.

ஆகவே மெத்திலீன் புளூ போன்ற நேர்மின் சாயங்களுக்கு வடிதாளைப் பயன்படுத்தவே கூடாது. நிமிடத்துக்கு 4000 சுற்று வேகத்தில் பத்து நிமிடம் சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேலே நிற்கும் தெளிந்த நீரை அடி கலங்காமல் பிப்பெட்டால் எடுங்கள். அந்தக் கருவி இல்லையென்றால், வடிதாளில் முதலில் சிறிது சாயக் கரைசலை ஊற்றித் தாள் நிறைவடையச் செய்து, அந்த வடிநீரை ஒதுக்கிவிட்டுத் தொடரலாம். ஆனால் அது இரண்டாம் தரமான வழிதான்.

ஒவ்வொரு தொடரிலும் கட்டாயம் இருக்க வேண்டிய வெறுமைக் குடுவைகள் இரண்டு. ஒன்றில் சாயம் இருக்கும், தூள் இருக்காது. கண்ணாடிச் சுவரிலும் குழாயிலும் எவ்வளவு ஒட்டுகிறது என்பதை அது சொல்லும். மற்றொன்றில் தூள் இருக்கும், சாயம் இருக்காது. தூள் தானே விடும் நிறம் 664 நானோமீட்டரில் எவ்வளவு காட்டுகிறது என்பதை அது சொல்லும். இந்த இரண்டாவது குடுவையில் கண்ணுக்குத் தெரியும் பழுப்பு இருந்தால், படி 3-க்குத் திரும்பிப் போய் மறுபடி கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

பி.எச். மாற்றும் தொடரில் இன்னொரு பொறி இருக்கிறது. மாலகைட் கிரீனும் கிரிஸ்டல் வயலட்டும் காரத்தன்மை மிகுந்த நீரில் எந்தத் தூளும் இல்லாமலே நிறமிழக்கும். காங்கோ ரெட் அமிலத்தன்மை கூடினால் நீலமாக மாறிவிடும், அதைச் சிவப்புக்குரிய 497 நானோமீட்டரில் அளந்தால் சாயம் நீங்கியது போலவே கருவி காட்டும். மெத்திலீன் புளூவும் மிகுந்த காரத்தில் மெல்லச் சிதையும். ஆகையால் ஒவ்வொரு பி.எச். மதிப்புக்கும் தனித்தனியாகத் தூளில்லாக் குடுவை வைக்க வேண்டும். "பி.எச். 11-இல் 99 விழுக்காடு நீக்கம்" என்று பெருமையாக எழுதப்பட்ட சில அறிக்கைகளை இதைத் தெரிந்துகொண்ட பிறகு என்னால் பழைய மரியாதையோடு படிக்க முடியவில்லை.

6. நான்கு சோதனைத் தொடர்கள்

50 மில்லிலிட்டர் கரைசல், 0.1 கிராம் தூள், நிமிடத்துக்கு 150 சுற்று, அறை வெப்பநிலை என்று ஓர் அடிப்படையை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தொடரிலும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

பி.எச். தொடரில் 2 முதல் 10 வரை ஏழு மதிப்புகள் எடுக்கலாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சோடியம் ஹைட்ராக்சைடும் சொட்டுச் சொட்டாக விட்டுச் சரிசெய்து, முடிவிலும் பி.எச். அளந்து குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் தூளே அதை மாற்றிவிடும். பி.எச். 2-இல் ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் நீக்கம் குறைவாகவும், 6-க்கு மேல் ஏறக்குறைய நிலையாகவும் இருப்பதை நீங்கள் காண வேண்டும். அப்படி வரவில்லை என்றால் எங்கோ பிழை இருக்கிறது.

தூளின் அளவுத் தொடரில் ஆறு புள்ளிகள் போதும்.

நேரத் தொடரில் 2 நிமிடம் தொடங்கி 180 நிமிடம் வரை பத்துப் புள்ளிகள். ஒரே குடுவையிலிருந்து அவ்வப்போது உறிஞ்சி எடுத்தால் கரைசலின் அளவும் தூளின் விகிதமும் மாறிக்கொண்டே போகும், எனவே ஒவ்வொரு நேரத்துக்கும் தனிக் குடுவை வையுங்கள். சென்ட்ரிஃபியூஜில் செலவாகும் பத்து நிமிடமும் தொடுநேரம்தான் என்பதை மறந்தால், உங்கள் "2 நிமிட" முடிவு உண்மையில் 12 நிமிட முடிவாக இருக்கும். தொடக்கப் புள்ளிகளுக்கு மட்டும் குடுவையைச் சற்று நேரம் அசையாமல் வைத்து, மேல்நீரை உடனே பிப்பெட்டால் எடுத்துவிட்டேன். சலித்த தூள் சீரான பருமனில் இருந்தால் அது சில நொடிகளில் படிந்துவிடுகிறது.

செறிவுத் தொடரில் லிட்டருக்கு 10 முதல் 300 மில்லிகிராம் வரை எட்டுப் புள்ளிகள். இங்கே கஞ்சத்தனம் கூடாது. தூள் நிறைவடைந்து கவர்திறன் ஏறாமல் நிற்கும் இடம்வரை போக வேண்டும்.

எங்கள் துறையின் ஷேக்கரில் ஒரு முறைக்கு 12 குடுவைகள்தான் வைக்க முடியும், அதையும் மூன்று பேர் பகிர்ந்துகொண்டோம். தாளில் பத்து நாள் வேலை, நடைமுறையில் மூன்றரை வாரம் ஆயிற்று. பொங்கல் விடுமுறையையும், அகத்தேர்வு வாரத்தையும், மின்தடை அறிவிப்பு நாட்களையும் நாட்காட்டியில் முன்பே அடித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

7. கணக்கு

கவர்திறன் என்பது, தொடக்கச் செறிவிலிருந்து இறுதிச் செறிவைக் கழித்து, லிட்டரில் உள்ள கரைசல் அளவால் பெருக்கி, கிராமில் உள்ள தூளின் எடையால் வகுத்தால் கிடைப்பது. தொடக்கச் செறிவாகத் தூளில்லாக் குடுவையின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 50 மில்லிகிராம் செறிவுள்ள கரைசலில் 50 மில்லிலிட்டர் எடுத்து, 0.1 கிராம் தூள் போட்டு, முடிவில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் மிஞ்சினால், நீக்கம் 92 விழுக்காடு, கவர்திறன் கிராமுக்கு 23 மில்லிகிராம். அதே கரைசலில் 0.5 கிராம் தூளைக் கொட்டினால் லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். நீக்கம் 98 விழுக்காடாகிறது, கவர்திறனோ 4.9-ஆகச் சரிகிறது. நீக்க விழுக்காட்டை மட்டும் எழுதி மகிழ்பவரிடம் வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படுவது இதுதான்.

சமநிலையில் செறிவுக்கும் கவர்திறனுக்கும் உள்ள உறவைச் சொல்லும் லாங்மூர், ஃபிராய்ண்ட்லிக் சமன்பாடுகளை நேர்கோடாக மாற்றிப் பொருத்துவதைவிட, கணினி விரிதாளில் உள்ள சால்வர் வசதியைக் கொண்டு வளைகோடாகவே பொருத்துவது நல்லது. கவர்திறன் ஏறிக்கொண்டே இருக்கும் தரவில் லாங்மூர் கோட்டை இழுத்து "அதிகபட்சக் கவர்திறன்" எழுதுவது வெறும் ஊகம். நேரத் தொடரில் போலி இரண்டாம் படி வேகச் சமன்பாடு எல்லோருக்கும் 0.999 (பொருத்தத்தின் அளவான R² மதிப்பு) என்று பொருந்தும். நேரத்தைக் கவர்திறனால் வகுத்து, அதை மீண்டும் நேரத்துக்கு எதிராகவே வரைவதும், சமநிலை அடைந்த பின் எடுத்த புள்ளிகளை நிறையச் சேர்ப்பதும் அதற்குப் பெரும் காரணங்கள். அந்த 0.999-ஐ வைத்து வேதிப்பிணைப்பு நடந்ததாக எழுதிவிடாதீர்கள்.

8. பட்டறை நீரைத் தொடும்போது

மாதிரி எடுத்த அன்றே பி.எச்., டி.டி.எஸ். (கரைந்துள்ள திண்மங்களின் மொத்த அளவு) இரண்டையும் அளந்து, மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் 4 டிகிரியில் வையுங்கள். ரியாக்டிவ் சாயம் ஏற்றப் பயன்படும் சோடா உப்பால் பி.எச். 10-ஐத் தாண்டியிருக்கும், சாயத்தொட்டியில் போடும் உப்பால் டி.டி.எஸ். மிக உயர்ந்திருக்கும். பல சாயங்கள் கலந்த நீருக்கு ஒற்றை உச்சம் இராது, எனவே 436, 525, 620 நானோமீட்டர் ஆகிய மூன்று அலைநீளங்களிலும் அளந்து மூன்றையும் எழுதுவதே முறை.

மெத்திலீன் புளூவில் 92 விழுக்காடு காட்டிய என் தூள், பட்டறையின் சிவப்பு நீரில் பத்து விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. அமிலம் சேர்த்து பி.எச்.-ஐ 2-க்குக் குறைத்தபோது ஓரளவு ஏறியது, ஆனால் அவ்வளவு அமிலத்தைச் சேர்த்து, பிறகு அதை நடுநிலையாக்கவும் வேண்டும் என்றால் அது மலிவான முறை அல்ல. இந்த முடிவை மறைக்காமல் எழுதினேன், மதிப்பெண் குறையவில்லை.

இன்னொன்று, நிறம் போன நீரின் டி.டி.எஸ். மதிப்பை அளந்து பாருங்கள். ஏறக்குறைய அப்படியே இருக்கும், ஏனென்றால் ஓடு உப்பைப் பிடிப்பதில்லை. மேற்பரப்பு நீர்நிலையில் விடக்கூடிய வரம்பு லிட்டருக்கு 2100 மில்லிகிராம், சாயத்தொட்டி நீர் அதைப் பல மடங்கு தாண்டியது. திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றங்கரை உழவர்களின் முறையீட்டில் நிறத்தோடு இந்த உப்பும் பெரும் பங்கு வகிக்கிறது. ஆகவே இந்தத் தூளைக் காட்டி எந்தப் பட்டறை உரிமையாளருக்கும் வாக்குறுதி கொடுத்துவிடாதீர்கள்.

9. செலவுக் கணக்கு

என் குறிப்பேட்டில் உள்ளபடி: மெத்திலீன் புளூ 25 கிராம் 420 ரூபாய், அமிலம், காரம், உப்பு, பஃபர் மாத்திரைகள் 880, சென்ட்ரிஃபியூஜ் குழாய்கள் 640, எஃப்.டி.ஐ.ஆர். இரண்டு மாதிரிகள் 900, எஸ்.ஈ.எம். இரண்டு மாதிரிகள் 2,000, கூரியர் 260, அச்சும் பைண்டிங்கும் மூன்று படிகளுக்கு 1,400, ஆக மொத்தம் 6,500 ரூபாய். நுண்துளைப் பரப்பளவு காணும் பி.இ.டி. பகுப்பாய்வைப் பதப்படுத்தாத ஓட்டுக்குச் செய்வது பணத்தை வீணாக்குவது என்றே நினைக்கிறேன். அதில் கரித்தூள் அளவுக்குத் துளைகள் இல்லை.

"குறைந்த செலவு" என்று தலைப்பில் எழுதுபவர் இதையும் கணக்கிட வேண்டும். நிலக்கடலை ஓடு இலவசம் அல்ல, கொதிகலன்களுக்கு எரிபொருளாக அது விலைக்குப் போகிறது. 100 கிராம் தூளுக்காக நான் கழுவிக் கொட்டிய நீர் ஏறக்குறைய 30 லிட்டர். லிட்டருக்கு 2 கிராம் வீதம் அந்தத் தூள் தெளியவைக்கக்கூடியது 50 லிட்டர். ஓவன் ஓடிய 24 மணி நேர மின்சாரம் தனி.

10. மிஞ்சும் நீலத் தூள்

சோதனை முடிந்த தூளையும், ஆறேழு லிட்டர் நீலக் கரைசலையும் கழுவுதொட்டியில் கொட்டக் கூடாது. கரைசல்களை ஒரே கேனில் சேர்த்து, சலிக்கும்போது ஒதுக்கிய பருந்தூளைப் போட்டு இரண்டு நாள் விட்டால் நிறம் பெருமளவு இறங்கிவிடும். தூளை உலர்த்தி, பெயரும் தேதியும் எழுதிய உறையில் கட்டி, கல்லூரியின் வேதிக் கழிவுச் சேகரிப்பில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அமிலத்தில் அலசித் தூளை மீட்டெடுத்ததாக எழுதுபவர்கள், அலசிய அமில நீரில் மறுபடி வந்து நிற்கும் சாயத்தை என்ன செய்தார்கள் என்றும் எழுத வேண்டும். பட்டறை அளவில் இப்படிச் சேரும் கசடு 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வரக்கூடியது, குப்பைமேட்டுக்கு அனுப்ப முடியாது.

11. அறிக்கையும் வாய்மொழித் தேர்வும்

ஆய்வகக் குறிப்பேட்டில் வாரந்தோறும் வழிகாட்டியின் கையெழுத்தைத் தேதியோடு வாங்கிவையுங்கள், கடைசி வாரத்தில் மொத்தமாக நீட்டினால் போட மாட்டார்கள். கருத்துத் திருட்டுச் சோதனை அறிக்கையில் ஒற்றுமை 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது 2018-ஆம் ஆண்டின் யு.ஜி.சி. விதி. செய்முறைப் பகுதியை மூத்த மாணவர் அறிக்கையிலிருந்து எடுத்து ஒட்டியவர்கள் அங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். சோதனை அறிக்கை கிடைக்க எங்களுக்கு ஐந்து வேலை நாட்கள் ஆயின, எனவே ஒப்படைக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்பே கோப்பை அனுப்பிவிடுங்கள்.

வாய்மொழித் தேர்வுக்குப் போகும்போது வெறுமைச் சோதனைகளின் அட்டவணையைத் தனித்தாளில் அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். என்னிடம் கேட்கப்பட்ட ஒன்பது கேள்விகளில் ஐந்துக்கு அந்த ஒரு தாளிலேயே விடை இருந்தது. தேர்வு முடிந்ததும் மிச்சத் தூளை வீசிவிடாமல், 20 கிராமையாவது மூடி இறுக்கிய புட்டியில் ஓராண்டு வைத்திருங்கள். கட்டுரையாக அனுப்பினால், ஒரு தொடரை மறுபடி செய்து காட்டும்படி மதிப்பீட்டாளர் கேட்கக்கூடும், அப்போது அதே தூள்தான் வேண்டும்.